வானில் ஓடும் நெருப்பு

இரவு உணவு முடிந்து, படுக்கப் போகுமுன் முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம். நிலவில்லாத இரவு. திடீரென்று தென்னை மரத்தின் நிழல் தரையில் விழுந்து ஓடுகிறது! அண்ணாந்து பார்க்கிறோம். பச்சை கலந்த வெள்ளொளியுடன் ஒரு நெருப்பு உருண்டை வானத்தின் குறுக்கே பாய்கிறது. பாதி வழியில் இரண்டாகப் பிளக்கிறது, சிவக்கிறது, மறைகிறது. எல்லாம் நான்கைந்து விநாடிகளில் முடிந்துவிடுகிறது. "பார்த்தாயா? பார்த்தாயா?" என்று ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொள்கிறோம்.

மறுநாள் காலையில் ஐந்து பேரைக் கேட்டால் ஐந்து கதைகள் கிடைக்கும். ஒருத்தி, "தேவாலயக் கோபுரத்துக்குப் பின்னால்தான் விழுந்தது" என்பாள். இன்னொருத்தி, "இல்லை, ஆற்றங்கரையில்" என்பாள். மூன்றாமவள் அது ராக்கெட் என்று சாதிப்பாள். பாராதவர்களோ, "நன்றாகக் கனவு கண்டீர்கள்!" என்று நகைப்பார்கள். வீட்டில் பாட்டியிடம் சொன்னால், "எரிநட்சத்திரத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்துவிட்டால் உடனே பச்சை மரத்தைப் பார்" என்பார்.

இவற்றுள் எதை நம்புவது? 'கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது நம் பழமொழி. வானத்து நெருப்பைப் பற்றி உலகம் உண்மையை அறிந்துகொண்ட வரலாறு முழுவதும் இப்பழமொழிக்கு விளக்கம் போலவே அமைந்திருக்கிறது. அதனை இங்கே சிறிது காண்போம்.

நெருப்புக் கோளம் என்பது என்ன?

சூரியனைச் சுற்றிவருபவை கிரகங்கள் மட்டும் அல்ல. மணல் அளவிலிருந்து மலை அளவு வரை எண்ணற்ற கற்களும் தூசிகளும் சுற்றிவருகின்றன. அவற்றுள் ஒன்று பூமியின் பாதையில் குறுக்கிடும்போது நம் காற்று மண்டலத்துக்குள் பாய்கிறது. அதன் வேகம் விநாடிக்கு 11 கிலோமீட்டர் முதல் 72 கிலோமீட்டர் வரை இருக்கும். விநாடிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்ல அதற்கு அரை நிமிடம் போதும்!

இத்தகைய வேகத்தில் வரும் கல்லுக்கு முன்னால் உள்ள காற்று விலகிக்கொள்ள நேரம் இல்லாமல் நெருக்குண்டு, கடுமையாகச் சூடேறி ஒளிர்கிறது. கல்லின் மேற்பரப்பும் உருகி ஆவியாகிறது. தரைக்கு மேல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் இந்த ஒளி தோன்றத் தொடங்கும். நாம் நாள்தோறும் காணக்கூடிய எரிநட்சத்திரம் மணல் அளவுள்ள ஒரு துகள்தான். அது நட்சத்திரமும் அன்று; வானத்தில் ஒரு நட்சத்திரமும் அதனால் குறைவதில்லை. துகள் சற்றுப் பெரிதாக இருந்து, வெள்ளிக் கிரகத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால் அதனை நெருப்புக் கோளம் என்கிறார்கள். அந்தக் கல் முழுவதும் எரிந்துபோகாமல் ஒரு பகுதி தரையை அடைந்தால் அதுவே விண்கல்.

இன்று இது பாடப்புத்தகத்தில் உள்ள செய்தி. ஆனால், இருநூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்வரை ஐரோப்பாவின் பேரறிஞர்களில் பலர் இதனை நம்ப மறுத்தார்கள் என்றால் வியப்பாக இல்லையா?

அறிஞர்கள் நம்பவில்லை

கல் விழுந்த செய்தி புதியதன்று. 1492ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், இன்று பிரான்சு நாட்டில் உள்ள என்சிசைம் என்னும் ஊரில் பேரொலியுடன் ஒரு பெருங்கல் கோதுமை வயலில் விழுந்தது. அதனைக் கண்டவன் ஒரு சிறுவன். அதன் எடை சுமார் 127 கிலோ. ஊரார் ஓடிவந்து ஆளுக்கொரு துண்டாக உடைத்து எடுக்கத் தொடங்கினர். சில நாட்களில் அவ்வழியே வந்த மன்னர் மாக்சிமிலியன், கல்லை ஊர்த் தேவாலயத்தில் வைத்துப் பாதுகாக்கும்படி கட்டளையிட்டார். எஞ்சிய பெரும்பகுதி இன்றும் அவ்வூர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆனால் காலம் செல்லச் செல்ல, 'விண்ணிலிருந்து கல் விழுந்தது' என்று யார் சொன்னாலும் அது படிக்காதவர்களின் கட்டுக்கதை என்று ஒதுக்கப்பட்டது. 1768ஆம் ஆண்டு செப்டம்பரில், பிரான்சில் லூசே என்னும் ஊருக்கருகே வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் இடி போன்ற ஓசையைக் கேட்டு நிமிர்ந்தபோது ஒரு கல் விழுவதைக் கண்டனர். அக்கல் பாரிஸில் உள்ள விஞ்ஞானக் கழகத்துக்கு அனுப்பப்பட்டது. அதனை ஆராய்ந்தவர்களில் ஒருவர் லவாய்சியர். ஆம், நவீன ரசாயனத்தின் தந்தை என்று நாம் படிக்கும் அதே லவாய்சியர்தான்! அது விண்ணிலிருந்து வந்ததன்று, பூமியில் கிடந்த கல்மீது மின்னல் தாக்கியிருக்கிறது என்பதே அவர்களுடைய முடிவு.

1790ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் இரவு, தென்மேற்குப் பிரான்சில் பார்போத்தான் என்னும் ஊர்ப்பக்கம் பெரிய நெருப்புக் கோளம் ஒன்று தோன்றி வெடித்துக் கற்கள் விழுந்தன. முந்நூறு பேர் கண்டதாகச் சான்று எழுதப்பட்டு, ஊர்த் தலைவரின் கையொப்பத்துடன் அனுப்பப்பட்டது. அதனைப் படித்த அறிஞர் ஒருவர், ஒரு நகராட்சியே கட்டுக்கதைக்குச் சான்று வழங்குகிறதே என்று பரிதாபப்பட்டு எழுதினார்! முந்நூறு பேர் கண்ணால் கண்டதும் வீணாயிற்று.

இவ்வறிஞர்கள் அறிவற்றவர்கள் அல்லர். மூடநம்பிக்கைகளை ஒழிக்க வேண்டும் என்னும் நல்ல நோக்கம் உடையவர்களே. ஆனால், சொல்பவர் யார் என்று பார்த்தார்களேயன்றிச் சொல்வது என்ன என்று தீர விசாரிக்கவில்லை. அவர்கள் வழுக்கியது அங்கேதான்.

சான்றுகளைச் சேர்த்தவர்கள்

1794ஆம் ஆண்டு ஜெர்மானியரான கிளாட்னி ஒரு சிறு நூலை வெளியிட்டார். சட்டம் பயின்ற அவர், நெருப்புக் கோளங்களைப் பற்றிய பழைய செய்திகளை எல்லாம் திரட்டி, நீதிமன்றத்தில் சாட்சிகளை ஒப்பிடுவதுபோல ஒப்பிட்டார். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு காலங்களில் வாழ்ந்தவர்கள் ஒரே வகையான நிகழ்ச்சியை விவரித்திருந்தார்கள். ஆகவே இது கட்டுக்கதையாக இருக்க முடியாது, இக்கற்கள் விண்வெளியிலிருந்தே வருகின்றன என்று அவர் துணிந்து கூறினார். பலர் நகைத்தனர்.

அடுத்த சான்று நம் இந்திய நாட்டிலிருந்தே கிடைத்தது. 1798ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் இரவு, காசிக்கு அருகே தெளிந்த வானத்தில் ஒரு நெருப்புக் கோளம் தோன்றி இடி முழக்கத்துடன் கற்களைப் பொழிந்தது. அவற்றுள் ஒன்று காவற்காரர் ஒருவரின் குடிசைக் கூரையைத் துளைத்துக்கொண்டு மண் தரையில் புதைந்தது. இக்கற்களில் சில இங்கிலாந்துக்குச் சென்றன. எட்வர்ட் ஹோவர்டு என்னும் ரசாயன அறிஞர் அவற்றையும் இங்கிலாந்து, இத்தாலி முதலிய நாடுகளில் விழுந்த கற்களையும் சோதித்து, 1802இல் முடிவை வெளியிட்டார். எங்கெங்கோ விழுந்த கற்களின் சேர்க்கை ஒன்றுபோல் இருந்தது. அவற்றில் இருந்த இரும்புடன் நிக்கல் என்னும் உலோகமும் கலந்திருந்தது. காசிக் காவற்காரரின் சொல்லுக்குச் சோதனைச்சாலையும் சாட்சி கூறியது!

பியோ மேற்கொண்ட பயணம்

எல்லா ஐயங்களையும் தீர்த்துவைத்த நாள் 1803 ஏப்ரல் 26. பகல் ஒரு மணியளவில் பிரான்சில் லேகிள் என்னும் ஊரின் சுற்றுப்புறத்தில் வானம் அதிர்ந்தது. பீரங்கிகள் முழங்குவது போன்ற ஓசை சில நிமிடங்கள் நீடித்தது. தொடர்ந்து ஏறத்தாழ மூவாயிரம் கற்கள் பொழிந்தன. தொலைவில் உள்ள ஊர்களில் இருந்தவர்கள் வானில் நெருப்புக் கோளம் பாய்ந்ததைக் கண்டார்கள்.

அரசாங்கம் உண்மையை விசாரித்துவர ஓர் இளம் விஞ்ஞானியை அனுப்பியது. ஜான் பாப்டிஸ்ட் பியோ என்னும் அவருக்கு வயது 29. அவர் செய்த விசாரணை நாம் அனைவரும் கற்க வேண்டிய பாடம்.

பியோ நேரே லேகிளுக்குச் செல்லவில்லை. முதலில் தொலைவில் உள்ள ஊர்களுக்குச் சென்று, அங்குள்ளவர்கள் எதைக் கண்டார்கள், எந்தத் திசையில் கண்டார்கள், எப்போது கேட்டார்கள் என்று விசாரித்தார். கல் விழுந்த கதை பரவாத இடத்தில், கதையைக் கேட்டுச் சொல்பவர்கள் இருக்க மாட்டார்கள் அல்லவா? பிறகு ஊர் ஊராக நெருங்கி வந்தார். படித்தவர், படிக்காதவர், முதியவர், இளைஞர் எனப் பலரையும் தனித்தனியே கேட்டார். ஒருவரையொருவர் அறியாத அவர்கள் சொன்னவை பொருந்தி வந்தன.

அத்துடன் நிற்கவில்லை. 'இக்கற்கள் இவ்வூரில் முன்பே இருந்தவையோ?' என்று ஐயுற்று, அப்பகுதியின் கற்களையும் உலைக் கசடுகளையும் பார்த்தார். அவற்றில் எதுவும் இக்கற்களைப் போல் இல்லை. கற்கள் கிடைத்த இடங்களை எல்லாம் வரைபடத்தில் குறித்தபோது, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமும் 4 கிலோமீட்டர் அகலமும் உள்ள நீள்வட்டம் ஒன்று உருவாயிற்று. பெரிய கற்கள் ஒரு முனையிலும் சிறியவை மறுமுனையிலும் கிடந்தன. வானில் சாய்வாக ஓடிவந்த ஒரு பொருள் உடைந்து சிதறினால்தான் இப்படி அமையும். அதே ஆண்டு ஜூலையில் பியோ தம் அறிக்கையைப் படித்தபின் மறுப்பவர்கள் வாயடைத்துப்போயினர். வயலில் உழைத்தவர்கள் சொன்னதே மெய் என்று பாரிஸின் அறிஞர் சபை ஒப்புக்கொண்டது.

கண்ணும் ஏமாறும்

அப்படியானால் கண்டவர் சொல்வதெல்லாம் உண்மையா? அதுவும் இல்லை. பழமொழியின் முதற்பகுதியையும் மறக்கக் கூடாது.

நெருப்புக் கோளத்தைக் கண்ட அனைவரும் தவறாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. "அடுத்த தெருவில் விழுந்தது" என்பதே அது. உண்மையில் அந்த ஒளி 100 கிலோமீட்டருக்கு அப்பாலும் இருக்கலாம். இருண்ட வானத்தில் தொலைவை அளக்க நம் கண்ணுக்கு எந்த அளவுகோலும் இல்லை. கோளம் அடிவானத்துக்குக் கீழே மறையும்போது மரத்தின் பின்னால் விழுந்ததுபோல் தோன்றுகிறது.

தரைவரை எரிந்துகொண்டே வந்ததாகச் சொல்வதும் பெரும்பாலும் தோற்றமே. காற்றின் எதிர்ப்பால் கல்லின் வேகம் குறைந்ததும், தரைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்திலேயே ஒளி அணைந்துவிடும். அதன்பின் சில நிமிடங்கள் கல் இருட்டில், குளிர்ந்த காற்றினூடே விழுகிறது. ஆதலால் தரையில் தீப்பற்ற வைக்கும் கொதிநிலையில் அது வந்து சேர்வதில்லை.

ஒளியும் ஓசையும் ஒன்றாக வருவதும் இல்லை. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும். 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்த ஓசை, நேர் கீழே நிற்பவரின் காதை அடையவே ஒன்றரை நிமிடம் வேண்டும்.

ஒருவரின் கண் ஏமாறலாம். ஆனால் இரண்டு ஊர்களில் இருவர் ஒரே ஒளியைக் கண்டு, திசையையும் உயரத்தையும் சரியாகச் சொன்னால் கணக்கு எளிது. ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு கோடு வரைந்தால் இரு கோடுகளும் சந்திக்கும் இடமே அந்த ஒளி இருந்த இடம். நாம் வகுப்பில் படிக்கும் திரிகோணமிதி இதற்குப் போதும். 1798இல் ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர், பிரான்டசும் பென்சன்பெர்க்கும், சில கிலோமீட்டர் இடைவெளியில் நின்று ஒரே எரிநட்சத்திரங்களை நோக்கி, இம்முறையில்தான் அவற்றின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். அவை மேகங்களுக்கெல்லாம் வெகு மேலே ஓடுவதை உலகுக்குக் காட்டியவர்கள் மாணவர்களே என்பது நமக்குப் பெருமை அன்றோ!

நம் காலத்தில்

1992ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் வெள்ளிக்கிழமை மாலை, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஒரு நெருப்புக் கோளம் 40 விநாடிகளுக்குமேல் ஓடியது. அன்று பல ஊர்களில் பள்ளிக் கால்பந்து ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. பிள்ளைகளின் ஆட்டத்தைப் படம்பிடிக்க வந்த பெற்றோர்கள் கேமராவை வானை நோக்கித் திருப்பினர். அன்று எடுக்கப்பட்ட 16 வீடியோ படங்களைக் கொண்டு, அந்தக் கல் சூரியனைச் சுற்றிவந்த பாதையையே விஞ்ஞானிகள் கணக்கிட்டுவிட்டனர். 12 கிலோ எடையுள்ள அக்கல், நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் நகரில், ஓர் இளம்பெண் தன் பாட்டியிடமிருந்து வாங்கியிருந்த பழைய காரின் பின்பகுதியைத் துளைத்து விழுந்தது. காரைவிட அதனைத் துளைத்த கல்லுக்கே விலை அதிகம்!

எல்லா நெருப்புக் கோளங்களும் இப்படி வேடிக்கையாக முடிவதில்லை. 2013 பிப்ரவரி 15 காலை ஒன்பதரை மணிக்குச் சற்று முன், ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின் மேலே ஏறத்தாழ 20 மீட்டர் அகலமுள்ள பாறை ஒன்று விநாடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. சூரியன் இருந்த பக்கத்திலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் அதனை முன்னதாகக் காணவில்லை. கண்ணைக் கூசவைக்கும் ஒளியைக் கண்ட மக்கள், அது என்ன என்று காண ஜன்னலை நோக்கி ஓடினர். ஒரு நிமிடத்துக்குமேல் ஒன்றும் நிகழவில்லை. பிறகு அதிர்வலை வந்தது! ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் நொறுங்கின. காயமடைந்தவர்கள் ஏறத்தாழ 1,500 பேர். பெரும்பாலோர் கண்ணாடிச் சில்லுகளால் வெட்டுண்டவர்கள். நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை.

அந்நகரப் பள்ளி ஒன்றில் ஓர் ஆசிரியை, ஒளியைக் கண்டவுடன் தம் 44 மாணவர்களையும் மேசைகளின் அடியில் புகுந்துகொள்ளச் செய்தார். ஒளி எதனால் வந்தது என்பது அவருக்கும் தெரியாது. ஆனால் அதைத் தொடர்ந்து ஏதோ வரக்கூடும் என்று உணர்ந்தார். அதிர்வலையில் ஜன்னல்கள் சிதறியபோது பிள்ளைகளுக்குச் சிறு கீறலும் இல்லை. நின்றுகொண்டிருந்த ஆசிரியையின் கையைத்தான் கண்ணாடி வெட்டியது. பெரும் ஒளிக்குப் பின் பேரொலி வரும் என்னும் ஒரு சிறு செய்தி எத்தனை கண்களைக் காக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! ஆகவே பகலை ஒத்த ஒளி வானில் தோன்றினால் ஜன்னலை விட்டு விலகுவோம். சில நிமிடங்களாவது விலகியே இருப்போம்.

நம் தமிழ்நாட்டிலும் 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி அருகே விண்கல் விழுந்தது. கிடைத்த துண்டுகளின் மொத்த எடை சுமார் 110 கிலோ. ஆகவே இது எங்கோ நடக்கும் கதை என்று இருந்துவிட முடியாது.

நாம் கண்டால் என்ன செய்யலாம்?

முதலில், நின்ற இடத்தைவிட்டு நகராமல் நேரத்தைக் குறித்துக்கொள்வோம். ஒளி எங்கே தோன்றியது, எங்கே மறைந்தது என்பதை ஒரு மரம், கம்பம், கூரை முனை ஆகியவற்றைக் கொண்டு மனத்தில் பதித்துக்கொள்வோம். உயரத்தை அளக்க நம் கையே கருவி. கையை நன்றாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அது ஏறக்குறைய 10 பாகை. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று எண்ணிவிடலாம்.

எத்தனை விநாடி நீடித்தது என்பது முக்கியம். விண்கல்லின் ஒளி பெரும்பாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஒரு நிமிடம் வரையிலோ அதற்கு மேலோ பல துண்டுகளாக மெல்ல ஊர்ந்து செல்வது, பெரும்பாலும் பயன்முடிந்த ராக்கெட்டோ செயற்கைக் கோளோ ஆகும். 2022 ஏப்ரல் 2ஆம் நாள் இரவு மகாராஷ்டிர மக்கள் கண்ட ஒளி வரிசை அத்தகையது. அது சீன ராக்கெட் ஒன்றின் பகுதி என்று வல்லுநர்கள் கருதினர். சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையம் ஒன்றும் விழுந்துகிடந்தது.

ஒளி மறைந்தபின் மூன்று நான்கு நிமிடங்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்போம். ஓசை கேட்டால், எத்தனை விநாடி கழித்துக் கேட்டது என்று குறிப்போம். நிறம், வால், பிளவு ஆகியவற்றையும் எழுதுவோம். மிக முக்கியமானது ஒன்று: தோழியிடம் பேசுவதற்கு முன் எழுதிவிடுவோம்! பேசியபின் அவள் கண்டதும் நாம் கண்டதும் கலந்துவிடும். நினைவில்லாததை 'நினைவில்லை' என்றே எழுதுவோம். அதுவும் நேர்மையான சாட்சியமே.

1988இல் தொடங்கப்பட்ட சர்வதேச எரிநட்சத்திரக் கழகம் உலகெங்கும் உள்ள பொதுமக்களிடமிருந்து இத்தகைய குறிப்புகளைப் பெற்று ஒப்பிட்டு ஆராய்கிறது. குறிப்பு அனுப்பப் பட்டம் எதுவும் தேவையில்லை. கல்லே கிடைத்தால் உடைக்காமலும் கழுவாமலும் அதிகாரிகளிடம் ஒப்படைப்போம். நம் நாட்டில் விண்கற்களைக் காத்து ஆராய்வது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை.

பாட்டியின் சொல்லை இனிச் சற்று மாற்றிக்கொள்வோம். எரிநட்சத்திரத்தைப் பார்ப்போம், நன்றாகவே பார்ப்போம், அதன்பின் பச்சை மரத்தையும் பார்ப்போம், ஒளி அதற்கு எந்தப் பக்கத்தில் மறைந்தது என்று குறித்துக்கொள்வதற்காக!

என்சிசைமின் சிறுவனும், லூசேயின் உழைப்பாளிகளும், காசிக் காவற்காரரும் பெரிய மனிதர்கள் அல்லர். ஆனால் கண்டதைச் சொன்னார்கள். நகைத்தபோதும் மாற்றிச் சொல்லவில்லை. பியோவோ, எளியவர் சொல்லைத் தள்ளாமலும் அப்படியே விழுங்காமலும் தீர விசாரித்தார். இருசாராரும் சேர்ந்தே உண்மையை வெளிக்கொணர்ந்தார்கள். நாளை நம் வகுப்பில் ஒருத்தி ஓடிவந்து, "நேற்று இரவு வானத்தில் ஒரு நெருப்பைக் கண்டேன்" என்று சொன்னால் நாம் நகைக்க வேண்டாம். "எந்தத் திசையில்? எத்தனை விநாடி?" என்று கேட்போம்.